ஒன்பது நாள் முன்னாடி பொறந்ததுக்கு ஒரு வருஷமா? ஒண்ணாங்கிளாஸ் வயசுக் கணக்கு

பிப்ரவரி 3, வந்த கேள்வி

"பையன் கட்-ஆஃப் தேதிக்கு (அதுக்குள்ள வயசு நிறைஞ்சா இந்த வருஷம், இல்லன்னா அடுத்த வருஷம்) 12 நாள் முன்னாடி பொறந்தவன். ரூல்படி இந்த வருஷமே ஒண்ணாங்கிளாஸ் சேர்க்கலாம், ஆனா சேர்த்தா கிளாஸ்லயே அவன்தான் கடைக்குட்டி. ஸ்கூல்ல கேட்டா 'மூணாங்கிளாஸ் வந்தா எல்லாரும் சமமாயிடுவாங்க, வயசெல்லாம் ஒரு விஷயமே இல்ல'ன்னு சொல்றாங்க. நிஜமாவே சமமாயிடுமா? இல்ல ஒரு வருஷம் நிறுத்தி வச்சு சேர்க்கவா?"

பிப்ரவரி 4

சமமாயிடும்னு சொல்றவங்க அந்த ரெண்டு மூணு வருஷம் அந்தக் குழந்தை பக்கத்துல உக்காந்து ஹோம்வொர்க் எழுத வச்சவங்களா இருக்க மாட்டாங்க. நான் எழுத வச்சிருக்கேன், அதனால சொல்றேன், நிறுத்த முடியும்னா நிறுத்துங்க.

என் பெரியவன் கட்-ஆஃபுக்கு ஒன்பது நாள் முன்னாடி பொறந்தவன். ஃபார்ம் குடுக்கப் போனப்ப ஆபீஸ்ல இருந்தவங்க தேதியைப் பாத்துட்டு "நல்லவேளை, ஒரு வருஷம் மிச்சம் உங்களுக்கு"ன்னாங்க. நானும் ஏதோ பரிசு விழுந்த மாதிரி சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன்.

ஸ்கூல் தொறந்து ரெண்டாவது வாரத்துல இருந்து தண்ணி பாட்டில் காலைல குடுத்தனுப்பின மாதிரியே நிறைஞ்சு திரும்பி வந்துச்சு. ஏன்டா குடிக்கலன்னு கேட்டா பதிலே வராது. வீட்டுக்கு வந்ததும் பையைக் கூட எறக்காம பாத்ரூமுக்கு ஓடுவான். மூணு வாரம் கழிச்சுதான் எனக்கு விளங்குச்சு, யூனிஃபார்ம் பேன்ட்ல அந்த இறுக்கமான கொக்கியை அவன் விரலால கழட்ட முடியல. டீச்சர்கிட்ட கேக்க வெக்கம். அதனால தண்ணியே குடிக்காம இருந்தா பாத்ரூம் போக வேண்டியதில்லன்னு அவனே ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தான். எவ்ளோ பெரிய பாரத்தை அந்தக் குட்டி மனசு ஒத்தையா தூக்கிட்டு போயிட்டு வந்திருக்கு! எலாஸ்டிக் வச்ச பேன்ட் தச்சுக் குடுத்த அன்னைக்கே பாட்டில் காலியா வந்துச்சு.

நோட்டு கதை தனி. எழுத்து கோட்டுக்குள்ள நிக்காது, சிவப்பு மையில "கவனம் இல்லை, வீட்டில் பயிற்சி தேவை"ன்னு வாரத்துக்கு மூணு தடவை வரும். நானும் பயிற்சி குடுத்தேன், அழ அழ குடுத்தேன். பக்கத்து பெஞ்ச் பொண்ணு முத்து முத்தா எழுதுவா, "அவளும் உன் கிளாஸ்தானே"ன்னு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். ரெண்டு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணோட பொறந்தநாளுக்குப் போனோம், கேக் மேல 7ன்னு மெழுகுவத்தி. என் பையனுக்கு ஆறு முடிஞ்சு அப்போதான் ரெண்டு வாரம். அந்த 7ஐப் பாத்துட்டு நின்னது இன்னைக்கும் கண்ணுல நிக்குது. அவளும் இவன் கிளாஸ்தான், ஆனா இவனை விட முழுசா பதினொண்ணரை மாசம் மூத்தவ.

பிப்ரவரி 5

நேத்து எழுதினதுல கணக்கை விட்டுட்டேன்.

ஆறு வயசுக் குழந்தை பொறந்து 72 மாசம் ஆச்சு. அதே கிளாஸ்ல இருக்கிற மூத்த குழந்தைக்கு கிட்டத்தட்ட 84. சின்னவன் இதுவரைக்கும் வாழ்ந்ததுல ஆறுல ஒரு பங்கு அந்த வித்தியாசம். முப்பது வயசு ஆளுக்கு அதே ஆறுல ஒரு பங்குன்னா அஞ்சு வருஷம். வேலைல உங்களை விட அஞ்சு வருஷம் அனுபவம் கூட இருக்கிறவரோட உங்களை ஒரே நாள்ல ஒரே பரீட்சைக்கு உக்கார வச்சு, மார்க்கைப் பாத்து "கவனம் போதல"ன்னா எப்படி இருக்கும்?

அப்புறம் "சமமாயிடுமா"ங்கிற நேரடிக் கேள்விக்கு. கெல்லி பெடார்ட், எலிசபெத் டூயின்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2006ல பல நாட்டுக் குழந்தைங்க மார்க்கை வச்சு இதைப் பாத்தாங்க. நாலாங்கிளாஸ்ல கடைக்குட்டிங்க மூத்த பசங்களை விட 4ல இருந்து 12 பெர்சென்டைல் வரைக்கும் பின்னாடி (அதாவது நூறு பேரை மார்க் வரிசையில நிறுத்தினா அத்தனை இடம் பின்னாடி), எட்டாங்கிளாஸ்ல 2ல இருந்து 9 வரைக்கும். அதாவது இடைவெளி குறையுது, அது உண்மை, ஆனா மூணாங்கிளாஸ்ல காணாம போயிடுதுங்கிறது உண்மை இல்ல.

பிப்ரவரி 9

ஒருத்தங்க தனியா கேட்டிருந்தாங்க, அவங்க பையனை ஏ.டி.எச்.டி (கவனம் நிக்காம, துறுதுறுன்னு இருக்கிற குறைபாடு) டெஸ்ட்டுக்கு கூட்டிட்டுப் போகச் சொல்லி ஸ்கூல்ல சொல்லியிருக்காங்களாம். பையன் எப்போ பொறந்தான்னு கேட்டேன். கட்-ஆஃபுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. எனக்கும் இதே சொன்னாங்க, ரெண்டாங்கிளாஸ்ல. "உக்கார மாட்டேங்கிறான், ஜன்னலையே பாக்குறான், பென்சிலைக் கடிக்கிறான்." அன்னைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல.

2018ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ங்கிற அமெரிக்க மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. அமெரிக்காவுல செப்டம்பர் 1 கட்-ஆஃப் வச்சிருக்கிற மாநிலங்கள்ல ஆகஸ்ட்ல பொறந்த குழந்தைங்கதான் கிளாஸ்ல சின்னவங்க, செப்டம்பர்ல பொறந்தவங்க மூத்தவங்க. ஆகஸ்ட் குழந்தைங்கள்ல 10,000க்கு 85 பேருக்கு ஏ.டி.எச்.டின்னு எழுதியிருக்காங்க, செப்டம்பர் குழந்தைங்கள்ல 10,000க்கு 64 பேருக்கு. ஒரு மாசம் முன்னாடி பொறந்ததுக்கு 34 சதவீதம் கூட. இதுல எனக்கு உறைச்ச இடம் எதுன்னா, அந்த செப்டம்பர் 1 கோடு இல்லாத மாநிலங்கள்ல ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் அந்த வித்தியாசமே தெரியல. கோடு இருக்கிற இடத்துல மட்டும் ஆகஸ்ட் குழந்தைக்கு கவனம் கம்மியாயிடுதா என்ன?

கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியாவுல கோடு டிசம்பர் 31. 2012ல வந்த ஆய்வுல அங்க மாட்டினது டிசம்பர் குழந்தைங்க. ஜனவரில பொறந்தவங்களோட ஒப்பிட்டா பையங்களுக்கு 30 சதவீதமும் பொண்ணுங்களுக்கு 70 சதவீதமும் அந்தப் பேர் எழுதுற வாய்ப்பு கூட. கோடு எங்க நகருதோ பிரச்சனையும் கூடவே நகருது பாருங்க.

பிப்ரவரி 10

நேத்து எழுதினதை திரும்பப் படிச்சப்ப ஒரு பயம் வந்துச்சு, ஏ.டி.எச்.டியே பொய்னு நான் சொல்ற மாதிரி இருக்கு. அப்படி இல்லவே இல்ல. என் தோழி ஒருத்தியோட பொண்ணு, கிளாஸ்ல மூத்த குழந்தை, சரியான நேரத்துல டாக்டர்கிட்ட போனதாலதான் இன்னைக்கு நிம்மதியா படிக்கிறா. அந்த 64 பேர் மூத்த பசங்கள்ல இருந்து வந்தவங்கதானே. டெஸ்ட்டுக்குப் போங்க, பயப்படாதீங்க. ஆனா டாக்டர்கிட்ட முதல் வாக்கியமா "என் பையன் கிளாஸ்ல எல்லாரையும் விட சின்னவன், இத்தனை நாள்ல கட்-ஆஃப் தப்பியிருக்கும்"னு சொல்லிடுங்க. டாக்டர் பொறந்த தேதியைப் பாப்பாரு, ஸ்கூலோட கட்-ஆஃப் தேதி அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லாம விட்டேன், ரெண்டாவது தடவை போனப்பதான் சொன்னேன், அவர் பேனாவைக் கீழ வச்சுட்டு "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே"ன்னார். ஆறு மாசம் பொறுத்துப் பாக்கலாம்னு முடிவாச்சு. இப்போ நாலாங்கிளாஸ், ஜன்னலை இன்னும் பாக்குறான், ஆனா கேட்டா பதில் சொல்றான்.

பிப்ரவரி 17

"கட்-ஆஃப் தேதியை யார் வச்சாங்க, எதுக்கு அந்தத் தேதி"ன்னு ஒரு கேள்வி. பாத்தீங்கன்னா அதுல பெரிய தத்துவம் எதுவும் இல்ல, பெரும்பாலும் ஸ்கூல் வருஷம் என்னைக்கு ஆரம்பிக்குதோ அதை ஒட்டி ஒரு கோடு, அவ்ளோதான். இங்கிலாந்துல ஸ்கூல் வருஷம் செப்டம்பர் 1ல இருந்து ஆகஸ்ட் 31 வரைக்கும், அதனால ஆகஸ்ட் 31 ராத்திரி பொறந்த குழந்தை கிளாஸ்ல கடைசி, செப்டம்பர் 1 விடியக்காலைல பொறந்தது அடுத்த வருஷத்துக் கிளாஸ்ல முதல். நார்வேல, டென்மார்க்ல காலண்டர் வருஷம், ஜனவரில பொறந்தவன் மூத்தவன், டிசம்பர்ல பொறந்தவன் கடைக்குட்டி.

ஜப்பான்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஸ்கூல் வருஷம் ஏப்ரல் 1ல ஆரம்பிக்குது, ஆனா ஒரு கிளாஸ்னா ஏப்ரல் 2ல இருந்து அடுத்த ஏப்ரல் 1 வரைக்கும் பொறந்தவங்க. அது என்ன ஒரு நாள் தள்ளி? 1902ல போட்ட ஒரு சட்டப்படி அங்க வயசு கூடுறது பொறந்தநாள் அன்னைக்கு இல்ல, அதுக்கு முந்தின நாள் முடியும்போது. அதனால ஏப்ரல் 1 குழந்தைக்கு மார்ச் 31லயே ஆறு முடிஞ்சாச்சு, ஸ்கூலுக்குக் கெளம்பு. நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதின ஒரு வரி, இன்னைக்கு ஒரு ஆறு வயசுக் குழந்தை எந்த பெஞ்ச்ல உக்காரும்னு முடிவு பண்ணுது.

இந்தியாவுல ஒரே நாட்டுக்குள்ளயே ரெண்டு கணக்கு ஓடுது. கட்டாயக் கல்விச் சட்டம் 2009லயே ஆறுல இருந்து பதினாலுன்னுதான் சொல்லுது, 2020 தேசியக் கல்விக் கொள்கையும் ஒண்ணாங்கிளாஸ்னா ஆறுன்னு சொல்லுது, கேந்திரிய வித்யாலயாவுல 2022-23ல இருந்து மார்ச் 31க்குள்ள ஆறு முடியணும். அதுக்கு முன்னாடி அங்க அஞ்சு. அதை எதிர்த்து பெத்தவங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2022 ஏப்ரல்ல மனு தள்ளுபடி ஆச்சு. தமிழ்நாட்டுல இன்னும் அஞ்சு முடிஞ்சாலே ஒண்ணாங்கிளாஸ். அப்போ ஒரு மாநிலத்துல இருந்து இன்னொண்ணுக்கு வேலை மாத்திட்டுப் போற குடும்பத்துக் குழந்தை என்ன பண்ணும்? ஒண்ணு, ஏற்கனவே படிச்சதை திரும்பப் படிக்கணும், இல்லன்னா தன்னை விட ஒரு வயசு பெரிய பசங்களோட போய் உக்காரணும்.

பிப்ரவரி 18

திருத்தம். 9ஆம் தேதி எழுதினதைப் பாத்துட்டு "அப்போ அமெரிக்கா முழுக்க செப்டம்பர் 1தானா"ன்னு கேட்டிருக்கீங்க. இல்ல, அங்க மாநிலத்துக்கு மாநிலம் வேற. நியூயார்க் நகரத்துல டிசம்பர் 31. கலிபோர்னியாவுல முன்னாடி டிசம்பர் 2ஆ இருந்துச்சு, 2010ல சட்டம் போட்டு, ஒரே அடியா மாத்தாம 2012ல நவம்பர் 1, 2013ல அக்டோபர் 1, 2014ல செப்டம்பர் 1ன்னு வருஷத்துக்கு ஒரு மாசமா நகர்த்தினாங்க. அப்படி வெளிய விழுந்த குழந்தைங்களுக்கு நடுவுல ஒரு தனி வருஷத்தையும் உண்டாக்கிக் குடுத்தாங்க. கோட்டை நகர்த்துறவங்க கோட்டுக்கு வெளிய நிக்கிற குழந்தையையும் யோசிச்சிருக்காங்க பாருங்க, அது எனக்குப் பெருசாப் படுது.

மார்ச் 2

இவ்ளோ நாள் பெரியவனைப் பத்தி மட்டுமே எழுதிட்டிருக்கேன். சின்னவளைப் பத்தி எழுதாம இருந்ததுக்குக் காரணம் இருக்கு.

சின்னவ கட்-ஆஃபுக்கு நாலு நாள் கழிச்சுப் பொறந்தவ. ரூல்படி இந்த வருஷம் கிடையாது, அடுத்த வருஷம்தான், அப்போ கிளாஸ்லயே பெரியவ. நான் இத்தனை நேரம் சொன்னபடி பாத்தா எனக்கு சந்தோஷமா இருக்கணும் இல்லையா? ஆனா போன மாசம் நான்தான் ஸ்கூல் ஆபீஸுக்குப் போய் "நாலே நாள்தானே, கொஞ்சம் பாத்து சேர்த்துக்கோங்க"ன்னு ஒரு மணி நேரம் நின்னு கெஞ்சிட்டு வந்தேன். அவ அண்ணனோட பழைய புக்கை எடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறா. கீழ் வீட்டுப் பொண்ணு இவளை விட ஆறே நாள் பெரியவ, அவ யூனிஃபார்ம் வாங்கிட்டா. அதைப் பாத்துட்டு வந்து "நான் நாலு நாள் லேட்டா பொறந்ததுக்கு ஒரு வருஷம் ஏம்மா லேட்டு"ன்னு கேட்டா. என்ன பதில் சொல்றது?

அத்தைக்கு இந்தக் கணக்கே பிடிக்கல. அவங்க காலத்துல சர்டிஃபிகேட்டாவது ஒண்ணாவது, வலது கையை தலைக்கு மேல சுத்தி இடது காதைத் தொட்டா ஸ்கூல்ல சேர்த்துப்பாங்க, தொடலன்னா அடுத்த வருஷம் வா. சின்னவளைக் கூப்பிட்டு நிக்க வச்சு "தொடுடி பாக்கலாம்"னாங்க. அவ கையைச் சுத்தினா, நடு விரல் நுனி காதோட மேல் மடிப்பு வரைக்கும்தான் போச்சு, தலையை மெதுவா கை பக்கம் சாய்ச்சுத் தொட்டுட்டா. "தலையை ஆட்டாதே"ன்னு அத்தை நெத்தியைப் பிடிச்சு நிமித்தி விட்டாங்க. மறுபடி ஒரு விரக்கடை எட்டல. உதட்டைப் பிதுக்கிட்டு உள்ள போயிட்டா, அத்தைக்கு மனசே இல்ல, "நீ நாளைக்கு தொட்டுடுவடி"ன்னு பின்னாடியே போனாங்க.

மார்ச் 3

அந்தக் காது டெஸ்ட் பத்தி ரெண்டு வரி, ஏன்னா நிறைய பேர் "எங்களையும் அப்படித்தான் சேர்த்தாங்க"ன்னு சொல்லியிருக்கீங்க. அதுல ஒரு நியாயம் இருக்கு. சின்னக் குழந்தைக்கு உடம்புக்குத் தலை பெருசு, கை குட்டை, ஆறு வயசு வாக்குலதான் கை நீண்டு தலையைச் சுத்தி எட்டும். பொறந்த தேதி எழுதி வைக்காத காலத்துல அதை விட நல்ல அளவுகோல் இல்ல. ஆனா அது எலும்பு வளர்ந்ததைத்தான் காட்டும், பேன்ட் கொக்கியைக் கழட்டத் தெரியுமா, அழுகை வந்தா டீச்சர்கிட்ட சொல்லத் தெரியுமான்னு காட்டாது. உயரமான குழந்தைன்னா அஞ்சுலயே தொட்டுடும், குட்டையானது ஏழு வரைக்கும் வெளிய நிக்கும். தேதிக் கோடு இதை விட மேல்தான், அது யார் வீட்டுக் குழந்தைன்னு பாக்காது.

மார்ச் 15

பிப்ரவரி 4ல "நிறுத்த முடியும்னா நிறுத்துங்க"ன்னு அடிச்சு சொன்னேன். அதை இப்போ அவ்ளோ உறுதியா சொல்ல மாட்டேன். ஒரு மாசமா மனசுல அறுத்துக்கிட்டே இருந்துச்சு.

முதல் விஷயம், நிறுத்துற ஒரு வருஷம் சும்மா வராது. அந்த வருஷம் குழந்தையை யார் பாத்துக்கிறது? வீட்டுல பெரியவங்க இருந்தா சரி, இல்லன்னா யாராவது ஒருத்தர் வேலையை விடணும், இல்லன்னா இன்னொரு வருஷம் ப்ளே ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். முடிஞ்சவங்க நிறுத்துவாங்க, முடியாதவங்க ரூல் சொன்ன அன்னைக்கே அனுப்புவாங்க. அப்போ முடியாத வீட்டுக் குழந்தை தன்னை விட ஒரு வருஷம் இல்ல, ஒண்ணேகால் வருஷம் பெரிய பசங்களோட உக்காரும். என் பையனுக்கு நடந்ததை நான் இன்னொரு வீட்டுக் குழந்தை தலைல ஏத்தி வைக்கிறேன்னு அர்த்தம். அமெரிக்காவுல 1968ல ஆறு வயசுக் குழந்தைங்கள்ல 96 சதவீதம் ஒண்ணாங்கிளாஸோ அதுக்கு மேலயோ இருந்தாங்க, 2005ல அது 84 சதவீதம். அதுல ஒரு பங்கு கட்-ஆஃபை மாத்தினதால, மீதி பெத்தவங்களே நிறுத்தினதால. அங்க இதுக்கு ரெட்-ஷர்ட்டிங்னு பேர், காலேஜ் விளையாட்டுல ஒரு வருஷம் மேட்ச்ல எறக்காம சிவப்பு ஜெர்சி போட்டு பிராக்டிஸ் மட்டும் பண்ண வைக்கிறதுல இருந்து வந்தது.

ரெண்டாவது, கடைக்குட்டியா இருக்கிறதுல நஷ்டம் மட்டும்தானான்னு தேடினா வேற ஒரு கதையும் கெடைச்சுது. ஆங்ரிஸ்ட், க்ரூகர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1991ல காட்டினது: அமெரிக்காவுல வருஷ ஆரம்பத்துல பொறந்தவங்க கிளாஸ்ல மூத்தவங்களா ஸ்கூலுக்குப் போனாங்க, ஆனா படிப்பை விடலாம்னு சட்டம் சொல்ற வயசு அவங்களுக்கு சீக்கிரம் வந்துடுது, அதனால கொஞ்சம் பேர் கம்மியாப் படிச்சுட்டு வெளிய போயிட்டாங்க. சின்னவங்களை சட்டமே கொஞ்சம் கூட நாள் கிளாஸ்ல உக்கார வச்சிருக்கு. அப்போ மூத்தவனா இருக்கிறதும் எல்லா இடத்துலயும் லாபம் இல்ல.

ஆனா ஒண்ணு, டென்மார்க் ஆய்வைப் பாத்ததுல இருந்து அதையும் தள்ள முடியல. தாமஸ் டீ, ஹான்ஸ் ஹென்ரிக் சீவர்ட்சன்னு ரெண்டு ஆய்வாளர்கள் பண்ணது, ஒரு வருஷம் தள்ளி ஸ்கூல் போன குழந்தைங்களுக்கு கவனச் சிதறலும் ஒரு இடத்துல நிக்காத துறுதுறுப்பும் ஏழு வயசுல கம்மியா இருந்துச்சு, அது பதினோரு வயசு வரைக்கும் நின்னுச்சு. அங்க தள்ளின வருஷத்துல குழந்தை நல்ல பாலர் பள்ளியில இருக்கும்ங்கிறதையும் சேர்த்துப் பாக்கணும். வீட்டுல டிவி முன்னாடி உக்கார்ற வருஷமும் அதுவும் ஒண்ணாகாது.

நான் யோசிச்சுப் பாத்தேன், ரெண்டு குழந்தைக்கும் எதிரெதிரா வாதாடியிருக்கேன். பெரியவனுக்கு கோடு இன்னும் கொஞ்சம் முன்னாடியே இருந்திருக்கக் கூடாதான்னு அழுதேன், சின்னவளுக்கு கோடு இன்னும் நாலு நாள் தள்ளி இருந்திருக்கக் கூடாதான்னு கெஞ்சினேன். அந்தந்தக் குழந்தையைப் பாத்துப் பேசினேன், அதனால ரெண்டும் உண்மைதான். ஆனா நான் கேட்ட மாதிரி கோட்டை நாலு நாள் தள்ளினா அஞ்சாவது நாள் பொறந்த குழந்தையோட அம்மா அதே ஆபீஸ்ல அதே நாற்காலில வந்து உக்காருவா.

மார்ச் 16

இன்னொண்ணு, இதை எல்லாத்துக்கும் முன்னாடி சொல்லியிருக்கணும். சொல்ல மனசு வரல. பெரியவன் அஞ்சு வாரம் முன்கூட்டியே பொறந்தவன். டாக்டர் குறிச்சுக் குடுத்த தேதில பொறந்திருந்தா கட்-ஆஃபுக்கு அந்தப் பக்கம், அடுத்த வருஷத்துக் கிளாஸ்ல மூத்த பிள்ளையா இருந்திருப்பான். கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த அந்த நாட்களையும் சேர்த்து "வயசு ஆயிடுச்சு"ன்னு கணக்கு போட்டிருக்காங்க.

ஃபார்ம்ல அதுக்கு ஒரு கட்டம் கூட இல்ல. இங்கிலாந்துல ஸ்கூல் சேர்க்கை விதியிலேயே இது எழுதியிருக்கு. வழக்கமான வயசுக்கு வெளிய சேர்க்கச் சொல்லி பெத்தவங்க கேட்டா, குழந்தை குறைமாசத்துல பொறக்காம இருந்திருந்தா எந்த வருஷத்துல விழுந்திருக்கும்னும் பாக்கணும். ஏப்ரல் 1ல இருந்து ஆகஸ்ட் 31க்குள்ள பொறந்தவங்களுக்கு அஞ்சு வயசுல ரிசப்ஷன் கிளாஸ் (அங்க ஒண்ணாங்கிளாஸுக்கு முந்தின வகுப்பு) ஆரம்பிக்கலாமான்னு கேக்குற உரிமையும் இருக்கு, குடுக்கிறதும் குடுக்காததும் அவங்க முடிவு, ஆனா கேக்க ஒரு வழி இருக்கு. எனக்கு அது போதும்னு தோணுது. குறைமாசக் குழந்தை வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, டிஸ்சார்ஜ் பேப்பரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, ஸ்கூல்ல கேக்கறப்ப கையில வச்சுக்கோங்க.

ஏப்ரல் 6

"கோடே இல்லாம பண்ண முடியாதா"ன்னு கேட்டவங்களுக்கு. நியூசிலாந்துல குழந்தைக்கு அஞ்சு முடிஞ்சதும் ஸ்கூல் ஆரம்பிக்கலாம், சில ஸ்கூல்ல மட்டும் கூட்டமா சேர்த்து டெர்ம் ஆரம்பத்துலயோ நடுவுலயோ எடுப்பாங்க, ஆறு வயசுல கட்டாயம். நெதர்லாந்துல நிறைய குழந்தைங்க நாலாவது பொறந்தநாள் முடிஞ்சதும் போயிடுறாங்க, கட்டாயம்ங்கிறது அஞ்சுல. கேக்க அழகா இருக்கு, பொறந்தநாள் முடிஞ்சு மறுநாள் ஸ்கூல், டீச்சருக்கு ஒரே நாள்ல முப்பது பேர் அழுகையும் இல்ல. ஆனா அங்கயும் கொஞ்ச நாள்ல எல்லாரையும் ஏதோ ஒரு கிளாஸ்ல உக்கார வச்சுதான் ஆகணும், அங்க வந்து கோடு நிக்கும்.

வயசைக் குறைக்கப் பாத்த நாடுகளையும் பாருங்க. போலந்துல ஏழு வயசை ஆறாக்கி 2014ல கட்டாயமாக்க ஆரம்பிச்சாங்க, பெத்தவங்க விடல, 2016ல திரும்ப ஏழு. தென் கொரியாவுல 2022ல ஒரு வருஷம் குறைக்கலாம்னு அறிவிச்சாங்க, எதிர்ப்பு தாங்க முடியாம கல்வி அமைச்சர் பார்க் சூன்-ஏ அந்த ஆகஸ்ட்லயே ராஜினாமா பண்ணிட்டாங்க. இந்த மூணுல நார்வேல மட்டும் 1997ல ஏழு வயசை ஆறாக்கினது நிலைச்சுடுச்சு. பின்லாந்துல இன்னும் ஏழு வயசு ஆகுற வருஷம்தான் ஒண்ணாங்கிளாஸ், அதுக்கு முந்தின வருஷம் விளையாட்டு மாதிரியே ஒரு முன் வகுப்பு, 2015ல இருந்து அது கட்டாயம்.

ஏப்ரல் 20

போன வாரம் பெரியவனோட மூணாங்கிளாஸ் டீச்சரை தற்செயலாப் பாத்தேன். அவங்கதான் என் பையனை மீட்டுக் குடுத்தவங்க, எப்படின்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது, இப்போதான் கேட்டேன். அட்டெண்டன்ஸ் நோட்டோட கடைசிப் பக்கத்துல அதே பேர்களை அகரவரிசை இல்லாம பொறந்த தேதி வரிசையில இன்னொரு தடவை எழுதி வச்சிருப்பாங்களாம். வருஷ ஆரம்பத்துல முதல் மாசம் யார் யாரைத் திட்டினேன்னு பாத்தா பாதிப் பேர் அந்தப் பட்டியலோட அடில இருந்தாங்களாம். அதுக்கப்புறம் அந்த அடி அஞ்சு பேருக்கும் எழுத ரெண்டு நிமிஷம் கூட, வரிசைல முதல்ல நிக்க வைக்கிறது, நோட்டுல "கவனம் இல்லை"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி அந்தக் கடைசிப் பக்கத்தை ஒரு தடவை புரட்டிப் பாக்குறது. ஒரு பைசா செலவு இல்ல. எந்த அரசாணையும் தேவைப்படல.

நான் அவங்க கையைப் பிடிச்சுட்டு அழுதுட்டேன். ரெண்டு வருஷம் நோட்டை வச்சு அவனை அழ வச்சவ நான், ஒரு பக்கத்தைப் புரட்டிப் பாத்தவங்க அவங்க.

ஏப்ரல் 21

கேள்வி கேட்டவங்க திரும்ப எழுதியிருக்காங்க. வீட்டுல பாத்துக்க ஆள் இல்ல, நிறுத்த முடியாது, இந்த வருஷமே சேர்க்கிறாங்க. "தப்பு பண்றேனா"ன்னு கேட்டிருக்கீங்க. இல்லங்க. அன்னைக்கு நான் எழுதினதைப் படிச்சு உங்களுக்கு அந்த பயம் வந்திருந்தா மன்னிச்சுக்கோங்க.

இதை மட்டும் பண்ணுங்க. முதல் வாரமே கிளாஸ் டீச்சரைப் பாத்து, அவங்க கம்ப்ளெயின்ட் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே "இவன்தான் கிளாஸ்ல கடைக்குட்டி, 12 நாள் தள்ளிப் பொறந்திருந்தா அடுத்த வருஷம் வந்திருப்பான்"னு சொல்லிடுங்க, ஒரு சீட்டுல எழுதியும் குடுங்க. பக்கத்து பெஞ்ச் பிள்ளையோட நோட்டைக் காட்டி எதுவும் சொல்லிடாதீங்க, சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்தா அந்தக் குழந்தையோட பொறந்த தேதியை முதல்ல கேளுங்க. சாயந்திரம் தண்ணி பாட்டிலைத் தூக்கிப் பாருங்க, கனமா இருந்தா மார்க்கை விட அதை முதல்ல விசாரிங்க.

அப்புறம் யூனிஃபார்ம் தைக்கக் குடுக்கிறப்ப கொக்கி வேண்டாம்னு சொல்லி எலாஸ்டிக் வைக்கச் சொல்லிடுங்க.